காயத்திற்கு இனமுண்டோ?

கிந்தா ஆற்றையும் தன்னோடு கூட்டிக்கொண்டு வரும் பேராக் ஆறு, பாகான் டத்தோவில் கடல் சேர்கிறது. இன்னார் வீட்டில் இன்னார் தண்ணீர் அருந்தலாகாது என்னும் வழக்கத்தை நம் முன்னோர் கப்பலேற்றிக் கொணர்ந்து, மலாயாத் தோட்டத்து லயங்களிலும் நெடுநாள் காத்து வந்தனர். அத்தகைய வேலிகளை அன்பு எங்ஙனம் தாண்டிற்று என்பதற்குக் கிந்தா நாட்டிலேயே சான்றுண்டு.

1899-இல் சுமத்ராவின் மேடானில் பிறந்த சிபில் அம்மையார் யுரேசிய மரபினர். அவரை மணந்த டாக்டர் கார்த்திகேசு இலங்கைத் தமிழ் வழியினர். மதம் வேறென்ற தடையையும் கடந்து 1919-இல் மணம் நிகழ்ந்தது. ஈப்போ ப்ரூஸ்டர் ரோட்டில் இருவரும் வைத்தியசாலை நடத்தினர். சீனரின் கான்டனீஸ் மொழியை அம்மையார் சரளமாகப் பேசுவார். நோயாளியின் மொழியறிவது பாதி மருந்தென்பது நமது துணிபு.

1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருங்கவே, குடும்பம் பாப்பானுக்குக் குடிபெயர்ந்தது. (நண்பர்கள் நகைக்க வேண்டாம், இது ஜாதிப் பெயரன்று, மலாய் மொழியில் பலகை என்பதே பொருள்.) புதிய ஆட்சி சீனரை வதைத்தது, மலாய்க்காரரையும் இந்தியரையும் இன்மொழி கூறி அணைத்தது. ஆயினும் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரைச் சயாம் ரெயில் பாதைக்கு இழுத்துச் சென்றதும் அவ்வாட்சியே.

காட்டில் ஒளிந்து போரிட்டவருள் பெரும்பாலோர் சீன இளைஞர். அவர்கள் குண்டடிபட்டு இரவில் வந்தபோது, அம்மையார் கதவைச் சாத்தியிருப்பின் குறை கூறுவார் யார்? அவர் சாத்தவில்லை. 1943-இல் பிடிபட்டார். பெற்றவள் கண்முன்னே சிறுமகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக்கொடுத்தாரில்லை. 1945-இல் விடுதலை வந்தபோது அவரால் நடக்கவும் இயலவில்லை.

1947-இல் ஜார்ஜ் பதக்கம் பெற்றவர், 1948 ஜூன் 12-ஆம் நாள் பிரிட்டனில் மறைந்தார். நான்கே நாளில், சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்டத் துரைமார் கொலையுண்டனர், அவசரகாலம் பிறந்தது. அவர் மருந்திட்ட படையினரின் தோழர்களே இப்போது அரசாங்கத்தின் பகைவர்! அங்ஙனமாயின் அம்மையார் செய்தது தவறோ என்று வினவுவோருளர். அவர் கட்சிக்கு மருந்திடவில்லை, காயத்திற்கே இட்டார் என்போம்.

1949 மார்ச்சில் அவருடல் ஈப்போவுக்குக் கொணரப்பட்டது. ஒருவரையொருவர் ஐயுற்றுப் பார்த்த அக்காலத்திலும், எல்லா இனத்தாரும் அவ்வூர்த் தெருக்களில் பெருந்திரளாகக் கூடி நின்றனர்.