நூலகத்தைக் காத்த சட்டம்

புரவலர் ஒருவரின் பொருளால் தோன்றிய சிற்றூர் நூலகம், அவர் மறைந்ததும் கதவடைப்பது அந்நாளில் இயல்பு. இக்கேட்டை நீக்கப் போராடியவர் எஸ். ஆர். அரங்கநாதன். கணிதப் பேராசிரியரான அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது, அங்கிருந்த தனிமை தாளாது கல்லூரிக்கே திரும்ப விழைந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, ஆங்குப் பொது நூலகங்கள் வரிப்பணத்தால் நிலைபெற்றிருப்பதைக் கண்டு மனம் மாறினார். 1930இல் காசி மாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். 1931இல் மன்னார்குடிப் பகுதிச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. ஆயினும் வண்டிமாட்டுக்கும் நாள்தோறும் தீனி வேண்டுமன்றோ? 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியோடு நூலகவரியும் சேர்ந்தது. இரந்து பெற்றது உரிமையாயிற்று. உரிமையும் பயன்படுத்துவோர் இல்லையேல் தேயும். ஆதலின், உங்கள் ஊர் நூலகத்துள் நாளும் நுழைவதே அதனைக் காக்கும் வழி என்பேன்.