ஊருணிக்குச் சீட்டு

தான் எடுத்த படம். தன் அறக்கட்டளையின் இணையப் பக்கம். அங்கே அதனை வெளியிட்டமைக்கு, "செலுத்துக 120 டாலர்!" என்று வந்து சேர்ந்தது ஓலை. பெற்றவர், அமெரிக்க நிழற்படக் கலைஞர் கேரல் ஹைஸ்மித் அம்மையார். ஆண்டு 2015. வீட்டுக்காரியிடமே வாடகை கேட்கும் விந்தை! நகைக்கத்தான் தோன்றும், தோழர்களே. ஆயின், வழக்குமன்றம் நகைக்கவில்லை.

நிழற்படத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்பதே ஒரு காலத்தில் ஐயம். "பெட்டி பிடிக்கிறது படத்தை; மனிதன் படைத்தது என்ன?" என்றனர். 1882இல் ஆஸ்கார் வைல்டை அமரச் செய்து, ஆடையும் ஒளியும் நிழலும் தேர்ந்து படமெடுத்தார் நெப்போலியன் சரோனி. அனுமதியின்றி 85,000 படிகள் அச்சாகிவிட்டன. வழக்காடினார். கருவிக்குப் பின்னே கருத்து இருக்கிறது என ஏற்று, 1884இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது அமெரிக்க உச்சநீதிமன்றம். உரிமை பிறந்தது; அதனைக் காக்கவும் விற்கவும் மட்டுமல்ல, வழங்கவும் வழி பிறந்தது.

வழங்கியவர் ஹைஸ்மித். பிரான்சிஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற முன்னோடிப் பெண் கலைஞரின் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் பொதுச் சொத்தாய் இருப்பது கண்டு, அவ்வழி நடந்தார். தம் படங்களை நூலகத்துக்கு ஈந்தார். கொடைப் பத்திரத்திலே, பதிப்புரிமை உட்பட யாவும் பொதுமக்களுக்கே என எழுதிக் கொடுத்தார்.

அந்தப் படங்களைத்தான் கெட்டி இமேஜஸ், அலமி எனும் நிறுவனங்கள் கட்டணம் வாங்கி வழங்கின. 2016இல் நியூயார்க் வழக்குமன்றம் ஏறினார் அம்மையார். பதிப்புரிமை மீறல் என்று அவர் வழக்கிடவில்லை; உரிமையைத்தான் ஈந்துவிட்டாரே! உரிமை பற்றிய பொய்த் தகவல் தந்தனர் என்பதே குற்றச்சாட்டு. படம் ஒன்றுக்கு 25,000 டாலர் வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கெட்டி மீது சுட்டிய படங்கள் 18,755. பெருக்கினால், 46 கோடியே 88 லட்சம் டாலர்! அதனையும் மும்மடங்காக்குக என்றார். காரணம், எயிட்டி நிலநடுக்கப் படங்களைக் கையாண்டதற்காக, டேனியல் மோரல் எனும் கலைஞருக்கு 12 லட்சம் டாலர் தரவேண்டுமென 2013இல் ஜூரிகள் கூறியது, கெட்டியையும் ஒரு செய்தி நிறுவனத்தையும் நோக்கித்தான்.

கெட்டி உரைத்த மறுமொழி என்ன? "பொதுவுடைமைப் படம் எவருக்கும் பொது. தேடிக் கொடுப்பதற்குக் கூலி வாங்குகிறோம்; சட்டத்தில் தடை ஏது?"

கசப்பான வாதம். ஆனால், வலுவான வாதம்! ஊருணி நீரைக் குடத்தில் மொண்டு விற்பவனைத் தடுக்க, ஊருணி வெட்டியவருக்கு உரிமை எஞ்சியிருக்க வேண்டுமல்லவா? 2016 முடியுமுன் கூட்டரசுச் சட்டத்தின்கீழ் எழுந்த கோரிக்கைகளை மன்றம் தள்ளிற்று; எஞ்சியவை சமரசத்தில் முடிந்தன. எனினும், எடுத்தவரிடமே பணம் கேட்ட ஓலையை நேர்மை என்று கூற என் நா கூசுகிறது.

யாவும் தருதல் வேறு. நிபந்தனையோடு தருதல் வேறு. 2002 இறுதியில் கிரியேட்டிவ் காமன்ஸ் வெளியிட்ட உரிமங்களில், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, "பெயர் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்துக" எனலாம். "வணிகத்துக்கு ஆகாது" எனவும் வரம்பு கட்டலாம். அனைத்தையும் துறப்போருக்கென 2009இல் தனிப் பத்திரமே வந்தது. ஹைஸ்மித் கையெழுத்திட்ட நாளில் இவை ஏதும் இல்லை.

அவருடைய படங்களை நூலகத்திலிருந்து இன்றும் எவரும் விலையின்றிப் பெறலாம். எடுத்தவர் பெயரைக் குறிப்பிடுமாறு நூலகம் வேண்டிக்கொள்கிறது, கட்டளையிடவில்லை.