நாணயச் சங்கமும் அதன் காவலும்

ஏழைக்குக் கடன் கொடுப்பது எளிது. கொடுக்கும் நிறுவனத்தை நெறியில் நிறுத்துவதே அரிது. இவ்வுண்மையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெளிந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ரைபைசன். சிற்றூர்களின் ஆட்சித் தலைவராயிருந்த அவர், 1864-இல் ஹெடெஸ்டார்ப் என்னும் ஊரில் ஒரு கடன் சங்கத்தை நிறுவினார்.

அவர் வகுத்த முறை நுட்பமானது. சங்கத்தின் எல்லை சிறியது. ஆதலின் உறுப்பினர் ஒருவரையொருவர் நன்கு அறிவர். சங்கம் நொடித்தால் ஒவ்வொருவரும் தம் உடைமை முழுவதாலும் ஈடுசெய்தல் வேண்டும். ஆதலின் தகுதியற்ற கடனுக்கு எவரும் எளிதில் இசையார். நிர்வாகக் குழுவினர்க்கு ஊதியமில்லை; இலாபமோ பங்கிடப்படாது சேமநிதியிற் சேரும். அக்குழுவை மேற்பார்க்க வேறொரு குழுவும் உண்டு.

வேளாண் வங்கிகளைப் பற்றி ஆராயுமாறு சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சனை 1892-இல் பணித்தது. ஐரோப்பிய முறைகளை ஆய்ந்த அவர், 1895-இல் வெளியிட்ட அறிக்கையில் ரைபைசன் வழியையே நம் நாட்டுக்கு ஏற்றதெனக் கண்டார். 1904-இல் இந்தியக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. பத்துப் பேர் கூடினால் சங்கம் அமைக்கலாம். பதிவாளர் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்விக்க வேண்டும். செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் அவ்வாண்டிலேயே சங்கம் தோன்றியது.

ஆயினும் சட்டம் மட்டும் காவலாகிவிடுமா? 1915-இல் மக்லகன் குழு நாடெங்குமுள்ள சங்கங்களை ஆராய்ந்து, உறவினர்க்குச் சலுகை, பணக் கையாடல், கடன் வழங்குவதில் தாமதம் முதலிய குறைகளை எடுத்துரைத்தது. சங்கம் தம்முடையது என்னும் எண்ணம் உறுப்பினரிடம் வேரூன்றவில்லை. அதனை அரசாங்கத்தின் கிளையென்றே பலர் கருதினர். உடையவன் உறங்கினால் விளைச்சல் பிறர்க்குத்தானே!

நூறாண்டு கழிந்தும் அவ்வினா ஓயவில்லை. 2010-இல் ஆந்திரப் பிரதேசத்தில் தனியார் சிறுகடன் நிறுவனங்கள் பெருகி, ஒரே பெண்ணுக்குப் பல நிறுவனங்கள் கடன் கொடுத்தன. வசூலில் கடுமை மிகுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அரசாங்கம் அவசரச் சட்டம் இயற்றிற்று. கடன் வாங்குவோர் அந்நிறுவனங்களின் உறுப்பினரல்லர். அவர்தம் துயரை நிர்வாகத்திடம் எடுத்துரைக்கத் தக்க வழியும் இல்லை. 2011 ஜனவரியில் மாலேகாம் குழு, ஒருவர்க்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் தரலாகாது எனப் பரிந்துரைத்தது.

மாணவர்களே! எந்நிறுவனத்தை ஆராயினும் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: உடையவர் யார்? கண்காணிப்பவர் யார்? தவறு நேர்ந்தால் இழப்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை ஒருவரிடமே கூடும்போது பொறுப்புணர்வு வலுப்பெறும். இழப்பவர் ஒருவராகவும் ஆள்பவர் மற்றொருவராகவும் பிரிந்துவிட்டால், வெளிக்காவல் இரட்டிப்பாக வேண்டும். இதுவே வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.