தொப்பியில் ஏறிய யானை

மதராஸ் ரெஜிமெண்டுச் சிப்பாயின் தொப்பியில் மின்னும் சின்னத்தைக் கண்டு, ‘யானை எதற்கு?’ என்று உங்கள் வீட்டுச் சிறுவன் வினவக்கூடும். அது அசாயே யானை. இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள அச்சிற்றூரில், 1803 செப்டம்பர் 23 அன்று, ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் சென்னைப் பட்டாளங்கள் மராட்டியரை எதிர்த்துப் பொருது வென்றன. அவ்வெற்றியின் நினைவாகக் கம்பெனியார் வழங்கியதே யானைச் சின்னம்.

மாதச் சம்பளத்துக்குப் போரிட்டவனுக்கு இச்சிறு உலோகத்துண்டு எதற்கு? பீரங்கியின் முன் ஒருவனை நிறுத்திவைப்பது சம்பளமன்று. அருகில் நிற்பவன் தன்னைப் பார்க்கிறான் என்னும் நாணமே. சின்னம் அந்த நாணத்துக்கு உருக்கொடுக்கிறது. மாண்டுபோன முன்னோரையும் பக்கத்தில் கொணர்ந்து நிறுத்துகிறது. படைவீரனின் இம்மனப்பாங்கைத் துரைமார் நன்கறிந்திருந்தனர்.

புனாவிலும் பம்பாயிலும் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு: தோற்றவர் அண்டைவீட்டாரின் முன்னோர். சிறுவனிடம் அதனை மறைக்க வேண்டா. இந்தியரை இந்தியர் வென்ற இத்தகைய போர்ச் சிறப்புகளைச் சுதந்திர இந்தியா கொண்டாடுவதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

‘பின் யானையை ஏன் எடுக்கவில்லை?’ என்பான், கேட்க வேண்டிய கேள்விதான். 1948இல் காஷ்மீரத்துத் தித்வாலில் போரிட்டவர்களிலும் அந்த ரெஜிமெண்டார் இருந்தனர். அவர்கள் நினைவும் இன்று அந்த யானையின் மேல் ஏறியிருக்கிறது.