வாசலைச் சுற்றிப் போன இரத்தம்

போன வருடத் தீபாவளிக்கு மறுநாள் சாயங்காலம், சுங்கை சிப்புட்டில் பாட்டி வீட்டு வாசலில் மாமா வந்து நின்றார். செருப்பை இடவலம் மாற்றிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்து, இறந்துபோன என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சு குழறியது. நீட்டிய கை படபடவென்று அடித்துக்கொண்டது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார்.

மாமா சம்சுவை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அதை நம்ப யாரும் தயாராக இல்லை. நானும்தான். பக்கத்தில் போய் அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். சாராய வாடை இல்லை. இனிப்பும் பூஞ்சையும் கலந்த மாதிரி வேறு ஏதோ ஒரு வாடை.

அன்றிரவு அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி குடியைப் பற்றியது இல்லை. "மலம் என்ன நிறத்துல போச்சு?" இரண்டு நாளாகத் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. மாமா யாரிடமும் சொல்லவில்லை. உணவுக்குழாயின் அடியில் வீங்கியிருந்த சிரை ஒன்று மெல்லக் கசிந்திருக்கிறது. அந்த இரத்தம் குடலுக்குள் இறங்கிச் செரித்து, அதிலிருந்து வந்த நஞ்சு மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர்.

குடலில் இருப்பது எப்படி மூளைக்குப் போகும்? அந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். அது ஒரே ஒரு குழாயின் வரலாற்றில் கொண்டுபோய் விட்டது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, வயிற்றுக்குள் மூன்று கிளைகளை அனுப்பி இரைப்பைக்கும் குடலுக்கும் இரத்தம் தருகிறது. இதுவரை விசேஷம் ஒன்றுமில்லை. திரும்பும் வழிதான் விசித்திரம். கையிலிருந்தும் காலிலிருந்தும் வரும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போகும். குடலின் இரத்தம் அப்படிப் போவதில்லை. இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் எல்லாவற்றின் சிரைகளும் சேர்ந்து, ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே சிரையாகிக் கல்லீரலுக்குள் நுழைகின்றன. அதன் பெயர் போர்ட்டல் சிரை. லத்தீனில் போர்ட்டா என்றால் வாசல். கல்லீரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் இரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது.

இந்தச் சிரை எதற்கு என்று முதலில் விரிவாகச் சொன்னவர் இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கேலன். இரைப்பையில் வெந்த உணவின் சாறு இதன் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, அங்கேதான் இரத்தம் தயாராகிறது, உடம்பு அதைத் தின்று தீர்க்கிறது என்றார். கல்லீரல்தான் சமையலறை. சுமார் 1,400 வருடம் ஐரோப்பா இதை நம்பியது.

அதை உடைத்தது ஒரு கணக்கு. வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டினார். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் இரத்தம், உடம்பிலுள்ள மொத்த இரத்தத்தைவிட அதிகம். எவ்வளவு சாப்பிட்டாலும் அவ்வளவு இரத்தத்தைப் புதிதாகச் செய்ய முடியாது. அப்படியென்றால் அதே இரத்தம்தான் சுற்றிவர வேண்டும். தண்ணீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்க்கும் நான் தினமும் போடுகிற வரவு செலவுக் கணக்குதான் இது.

அடுத்த அடியும் அதே காலத்தில் விழுந்தது. 1622 ஜூலையில் மிலானில் காஸ்பரே அசெல்லி, சாப்பிட்டு முடித்திருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது குடல் சவ்வில் வெள்ளை நூல்களைப் பார்த்தார். நரம்பு என்று நினைத்து ஒன்றை அறுத்தார். பால் மாதிரி திரவம் வழிந்தது. அவை கல்லீரலுக்குப் போவதாகவே அவர் நினைத்தார். ஆனால் 1651இல் ழான் பெக்கே, அந்தப் பால் கல்லீரலைத் தொடாமலே நெஞ்சுக்குழாய் வழியாகக் கழுத்தடிச் சிரையில் கலக்கிறது என்று காட்டினார். இரண்டு வருடம் கழித்துக் கோபன்ஹேகனில் தாமஸ் பார்த்தோலின், பதவி பறிபோன கல்லீரலுக்குக் கேலியாக ஒரு கல்லறை வாசகமே எழுதினார்.

அவசரப்பட்டுவிட்டார். அந்தப் பால் வழியில் போவது முக்கியமாகக் கொழுப்பு. சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் இன்னும் பழைய வாசல் வழியாகத்தான் போகின்றன. 1848இல் பாரிஸில் குளோட் பெர்னார், இறைச்சி மட்டும் தின்ற நாயின் போர்ட்டல் சிரையில் சர்க்கரை இல்லை, ஆனால் கல்லீரலைவிட்டு வெளியே வரும் சிரையில் இருக்கிறது என்று கண்டார். புதைக்கப்பட்ட கல்லீரல் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

அந்த வாசலையே மூடிவிட்டால்? 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கொலாய் எக் என்ற ராணுவ மருத்துவர், போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்குள் போகவிடாமல் கட்டி, பெருஞ்சிரையோடு நேராக இணைத்தார். எட்டு நாய்கள். ஏழு ஒரு வாரத்துக்குள் செத்துப்போயின. ஒன்று மட்டும் இரண்டரை மாதம் இருந்தது, பிறகு ஓடிப்போய்விட்டது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு, மனிதருக்கும் இதைச் செய்யலாம் என்றார் எக்.

பின்னாளில் வேறு நாய்களால் புகழ்பெற்ற பாவ்லோவ், தன் சகாக்களோடு அதே அறுவையைத் திரும்பச் செய்து 1893இல் முடிவுகளை வெளியிட்டார். பிழைத்த நாய்கள் இறைச்சி தின்றதும் மாறிப்போயின. சிடுசிடுத்தன, தள்ளாடின, பார்வை இழந்தன, வலிப்பு வந்து மயங்கின. புரதம் குடலில் சிதையும்போது அம்மோனியா உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போனால் அம்மோனியா மூளைக்குப் போகும்.

அந்த நாய்களின் நடையைப் பற்றிப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். வாசலில் செருப்பு மாறி நின்றவர்தான் கண்ணில் தெரிந்தார்.

மாமாவுக்கு யாரும் அந்த அறுவையைச் செய்யவில்லை. அவர் உடம்பே செய்துகொண்டது. போர்ட்டல் சிரையில் அழுத்தம் ரொம்பக் குறைவு, சாதாரணமாக 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே. பின்னோக்கி ஓடாமல் தடுக்க வால்வும் இல்லை. கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் இரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்கும். தேங்கியது வேறு வழி தேடும். உணவுக்குழாயின் அடி, தொப்புள், ஆசனவாய் ஆகிய இடங்களில் சின்னச் சின்னச் சிரைகளை வீங்கவைத்து, கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இதயத்துக்குப் போகும். அந்த வீக்கம் உடைந்தால் இரத்தப்போக்கு. உடையாவிட்டாலும் நஞ்சு சுத்தமாகாமலே போகும்.

1945இல் நியூயார்க்கில் விப்பிளும் பிளேக்மோரும் இரத்தப்போக்கை நிறுத்த எக்கின் யோசனையை மனிதரிடம் கொண்டுவந்தார்கள். இரத்தப்போக்கு நின்றது. ஆனால் பல நோயாளிகளுக்குப் புத்தி தடுமாறியது. 1954இல் லண்டனில் ஷீலா ஷெர்லாக்கின் குழு அந்தத் தடுமாற்றத்தைத் தனி நோயாக விவரித்துப் பெயர் வைத்தது. பாவ்லோவின் நாய்களுக்கு அறுபது வருடம் கழித்து.

மலாயில் ஹாத்தி என்றால் கல்லீரலும்தான், மனசும்தான். நாமும் பயந்தால் ஈரக்குலை நடுங்குது என்கிறோம். இரண்டு மொழிகளையும் தினமும் பேசுகிற எங்கள் வீட்டில், ஈரல் கெட்டவனுக்கு மனசும் தடுமாறலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குடிகாரன் என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருந்தது.

மாமா ஆறு நாளில் வீடு திரும்பினார். கசிந்த சிரையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார்கள். அம்மோனியாவைக் குடலிலிருந்து வெளியேற்ற, குடித்தால் வயிற்றைக் கலக்கும் ஒரு இனிப்புப் பாகு தந்தார்கள். கறியை நிறுத்திவிடட்டுமா என்று அம்மா கேட்டார். வேண்டாம், உடம்பு இளைத்தால் இன்னும் மோசம் என்றார் டாக்டர். தினமும் ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்கள், எழுத்து கோணலானால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

பாட்டி வீட்டுச் சுவரிலுள்ள நாள்காட்டியில் மாமா இப்போது தினமும் தன் பெயரை எழுதுகிறார். காலையில் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்ப்பது அம்மாதான்.