'அறளை பெயர்தல்' முதல் 'டிமென்ஷியா' வரை

நம் அகங்களில் வெகுகாலமாக வழங்கிவரும் ஒரு பிரயோகம், "அறளை பேர்ந்துடுத்து" என்பது. சொன்னதையே சொல்லும் பாட்டிக்கும், சாப்பிட்டுக் கையலம்பிய அரைமணியில் "எனக்கு இன்னும் இலை போடலையா?" என்று கேட்கும் தாத்தாவுக்கும் இந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. உத்தியோக நிமித்தம் வடக்கே வந்து தங்கிவிட்ட எனக்கு, ஹிந்தியிலும் இதற்கு ஒரு சொல் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. 'ஸடியானா' என்பார்கள். 'ஸாட்' என்றால் அறுபது. நாம் ஷஷ்டியப்தபூர்த்தி செய்து நமஸ்கரிக்கும் அதே வயது! இரண்டு பாஷையிலும் தாத்பர்யம் ஒன்றுதான்: வயசானால் அப்படித்தான், செய்வதற்கு ஒன்றுமில்லை.

இது வியாதி என்ற எண்ணமே பிற்பாடு வந்தது. ஜெர்மனியில் டாக்டர் அலாய்ஸ் அல்ஸைமர் 1906-ல், இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையைப் பரிசோதித்து அதில் கண்ட மாறுதல்களை மருத்துவர்கள் சபையில் விவரித்தார். 1901-ல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்த அம்மாளுக்கு வயது 51. முதலில் தலைகாட்டியது மறதி அல்ல, கணவர்மேல் சந்தேகம். 1910-ல் க்ரேப்லின் இந்நோய்க்கு அல்ஸைமர் பெயரையே வைத்தார். ஆனால் நடுவயதில் வந்தால் வியாதி, எழுபதில் வந்தால் மூப்பு என்ற நினைப்பு மேல்நாட்டிலேயே 1970-கள் வரை நீடித்தது.

நம் தேசத்தில் 1912-ஆம் வருஷத்து பைத்தியக்காரர் சட்டம்தான் 1987-ல் இயற்றப்பட்ட புதுச் சட்டம் 1993-ல் நடைமுறைக்கு வரும்வரை அமலில் இருந்தது. அந்தப் பெயரே போதும், எந்தக் குடும்பமும் வாயைத் திறக்காது. மதுரையில் டாக்டர் ஏ. வெங்கோபா ராவ் போன்ற சிலர்தான் முதியோரின் மனநிலையைத் தனியாக ஆராய்ந்தார்கள். 1992-ல் கேரளத்துக் குன்னங்குளத்தில் டாக்டர் ஜேகப் ராய் அல்ஸைமர் நோய்க்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். ஹரியானாவில் பல்லப்கட் கிராமங்களுக்குப் போன ஆராய்ச்சியாளர்களுக்கு வேறு சங்கடம். ஞாபகசக்தியைச் சோதிக்கும் மேல்நாட்டுக் கேள்விகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கானவை. பள்ளிக்கூடமே போகாத கிழவியிடம் அவற்றைக் கேட்டு என்ன பிரயோஜனம்? எழுத்தறிவு தேவைப்படாத கேள்விகளை ஹிந்தியில் புதிதாக அமைத்தார்கள்.

லாரன்ஸ் கோஹன் என்ற அமெரிக்கர் காசியில் தங்கி ஆராய்ந்து 1998-ல் ஒரு புத்தகம் எழுதினார். பெரியவர்களின் தடுமாற்றத்தைப் பார்க்கிறவர்கள் அதை மூளையின் கோளாறாக எண்ணுவதில்லை, 'குடும்பம் சரியில்லை' என்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். "மாட்டுப்பெண் எனக்குச் சாதமே போடுவதில்லை, வளையலை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்" என்று மாமியார் அடுத்த ஃப்ளாட்டில் போய்ச் சொன்னால், கேட்பவர்கள் யாரை நம்புவார்கள்? பொருள் திருடுபோனதாகச் சந்தேகிப்பது இந்நோயின் சாதாரண அறிகுறி. அது தெரியாததால் எத்தனை மாட்டுப்பெண்கள் வீண்பழி சுமந்திருப்பார்களோ! பழிக்கு அஞ்சி டாக்டரிடம் காட்டாமல் மூடிமறைத்த குடும்பங்களும் உண்டு.

2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவிகிதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆனால் மறதியெல்லாம் டிமென்ஷியா ஆகிவிடாது. மனச்சோர்வு, தைராய்டு குறைவு, பி-12 சத்துக் குறைவு ஆகியவையும் அதே வேஷத்தில் வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. பி-12 இயற்கையாகக் காய்கறி, தானியங்களில் கிடைப்பதில்லை. பால், தயிர் மூலம்தான் நமக்குக் கொஞ்சம் வருகிறது. ஆகையால் நம்மவர்கள் முதலில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது உசிதம்.

அருகில் மனநல மருத்துவர் இல்லாத ஊர்களில் உள்ள அங்கத்தினர்களுக்கு ஒரு தகவல். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.