இரும்புத் தகட்டில் எழுதிய மந்திரம்

வந்தவாசி வட்டத்துப் பொன்னூரை வடமொழி நூல்கள் ஹேமகிராமம் என்று வழங்கும். அவ்வூரில் திராவிட கணத்துத் தலைவராய் விளங்கியவர் ஏலாசாரியர். ஹேலாசாரியர் என்றும் அவர் பெயர் எழுதப்படும். அவருடைய மாணவியருள் கமலஸ்ரீ என்பவள் சாத்திரங்கள் பலவற்றையும் கற்றுத் தேர்ந்தவள். ஒருநாள் அவளைப் பிரம்மராட்சசம் பற்றிக்கொண்டது. ஒருபொழுது அழுவாள், ஒருபொழுது உரக்கச் சிரிப்பாள், ஓதிய பாடங்களையே தாறுமாறாக உருப்போடுவாள். செய்வதறியாது திகைத்த ஆசிரியர் ஊரை அடுத்த நீலகிரி என்னும் குன்றின்மேல் ஏறி, வஹ்னி தேவதையாகிய ஜ்வாலாமாலினியை நோக்கி நோன்பிருந்தார். ஏழாம் நாள் தேவி தோன்றி, வேண்டுவது யாதென வினவினாள். தமக்கென எதுவும் வேண்டுவதில்லை, கமலஸ்ரீயைப் பற்றிய கிரகம் நீங்கினால் போதும் என்று அவர் மறுமொழி கூறினார். இவ்வளவுதானா என்பாள் போல, தேவி மந்திரம் எழுதிய இரும்புத் தகடு ஒன்றை அவர் கையில் அளித்தாள்.

ஆனால் தகடு கைக்கு வந்தும் ஏலாசாரியருக்கு அதனை ஆளும் முறை தெரியவில்லை. மீண்டும் தேவியைக் கேட்டே அவர் விதிமுறைகளை அறிந்துகொண்டார். தெய்வமே எழுதிக் கொடுத்த பொருளாயினும், அதனை ஏற்பவன் அதற்குத் தகுதியாகாத வரையில் அது வெறும் இரும்பே என்பது இக்கதையின் உட்பொருள். சமணத்தின் மந்திர நூல்கள் அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

இவ்வரலாற்றைப் பதிவு செய்தவர் இந்திரநந்தி. ஏலாசாரியர் இயற்றிய பழைய நூல் கற்போர்க்குக் கடினமாயிருந்ததால், அதன் பொருளை எளிமைப்படுத்தி அவர் 'ஜ்வாலாமாலினி கல்பம்' என்னும் நூலை யாத்தார். சக ஆண்டு 861, அதாவது கி.பி. 939-இல், அட்சய திருதியை நாளில், இராட்டிரகூட மன்னன் கிருஷ்ணன் ஆண்ட மான்யகேடத்தில் அந்நூல் நிறைவெய்தியது. தமிழகத்துக் குன்றொன்றில் தோன்றிய விதிமுறை கன்னட நாட்டுத் தலைநகரில் நூலாயிற்று.

ஏலாசாரியர் தொடங்கி இந்திரநந்தி வரை வந்த குரு மரபையும் நூல் கூறுகிறது. கங்கமுனி, நீலக்ரீவர், பீஜாவை, ஆரியாங்கனை க்ஷாந்திரசவ்வை, சுல்லகர் விருவட்டர் என்று அது நீளும். இவர்களுள் இருவர் பெண்பாலர் என்பது குறிப்பிடத்தக்கது. மந்திர விதி பெண் துறவியர் கையிலும் இருந்து வந்தது என்பதைக் கண்டு வியப்பதற்கில்லை. அந்நூல் எழுந்து ஆறு ஆண்டுகளுக்குள், முதற் பராந்தக சோழன் காலத்து விளாப்பாக்கம் கல்வெட்டு, பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டுவித்த செய்தியைத் தருகிறது. குரத்தியர் ஆசிரியராய் அமர்ந்த நாடு இது.

ஏலாசாரியர் என்னும் பெயர் ஒரு மயக்கத்துக்கு இடமளித்திருக்கிறது. குந்தகுந்தருக்கும் அப்பெயர் உண்டு. அவர் திருவடிகள் பொன்னூர் மலைமேல் வணங்கப்படுகின்றன. திருக்குறளை இயற்றியவர் அவரே என்னும் மரபும் தமிழ்ச் சமணரிடையே வழங்குகிறது. மந்திர நூலின் ஏலாசாரியரோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர் என்று கொள்வதே பொருந்தும். ஒரே குன்றும் ஒரே பெயரும் இருவரையும் ஒருவராக்கிவிட்டன.

இனி, தகடு ஆயத்தமாகும் முறையைக் காண்போம். பதினோராம் நூற்றாண்டினரான மல்லிசேனர் 'பைரவ பத்மாவதி கல்பம்' இயற்றியவர். 1047-இல் முளகுந்தத்தில் மகாபுராணம் முடித்த புலவரும் அவரே. அவருடைய கல்பம் பத்து அதிகாரங்களைக் கொண்டது. முதல் அதிகாரம் தகட்டைப் பற்றியோ மையைப் பற்றியோ பேசவில்லை. சாதகன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும் என்பதையே பேசுகிறது. புலனடக்கம், மெய்ம்மை, ஜினபக்தி, குருவிடம் முறையாகப் பெற்ற உபதேசம் ஆகியவை இல்லாதவன் அந்நூலைத் தொடவும் தகுதியற்றவன். இரண்டாம் அதிகாரம் சகளீகரணம். சாதகன் பஞ்ச நமஸ்காரத்தைத் தன் உடம்பின்மேல் நிறுவிக்கொள்கிறான். அருகர் தலையிலும், சித்தர் முகத்திலும், ஆசாரியர் நெஞ்சிலும், உபாத்தியாயர் உந்தியிலும், சாதுக்கள் பாதங்களிலும் அமர்ந்து காக்கின்றனர். தன் வினையுடம்பு தீயில் எரிவதாகவும், அமுத மழையில் தான் நனைவதாகவும் அவன் பாவிக்கிறான். பூசைக்கு அமரும் சாவகர் விரல்களாலும் உறுப்புகளாலும் செய்யும் நியாசத்தின் விரிவே இது. தூய்மை செய்யப்படும் முதற்பொருள் சாதகனின் உடம்பு. செப்புத் தகடு அதற்கு அடுத்தபடியே வருகிறது.

எழுதும் முறைக்கும் ஒழுங்கு உண்டு. தாமிரத் தகடு, பூர்ஜ மரப்பட்டை, துணி ஆகியவற்றுள் வினைக்கேற்ற ஒன்று தெரிந்தெடுக்கப்படும். குங்குமப்பூ, கற்பூரம், சந்தனம், கோரோசனை முதலியவற்றைக் குழைத்து மை ஆக்குவர். நடுவில் பெயரையோ வித்தெழுத்தையோ பொறித்து, சுற்றிலும் தாமரை இதழ்களை வரைந்து, இதழ்தோறும் எழுத்துகளை நிரப்புவர். இறுதியில் 'ஹ்ரீம்' என்னும் மாயா பீஜத்தின் கோட்டை மும்முறை வளைத்து இழுத்து, 'க்ரோம்' என்னும் எழுத்தால் அதனை அடைப்பர். புறத்தே நாற்கோணமாகிய பூமண்டலம் அமையும். க்ரோம் அங்குச பீஜம் எனப்படும்; யானையை அடக்கும் அங்குசம் போல அது எழுந்த ஆற்றலைக் கட்டி நிறுத்தும் என்பது கருத்து.

அந்த ஹ்ரீம் பிற சமயத்தாரிடம் மாயையின் எழுத்து. சமணர் கையில் அது இருபத்து நான்கு தீர்த்தங்கரரின் கோயிலாயிற்று. ரிஷிமண்டல யந்திரத்தில் அவ்வெழுத்தின் உறுப்புகள்தோறும் திருமேனி நிறத்தின்படி தீர்த்தங்கரர் அமர்வர். நாதத்தில் வெண்ணிறத்தவரான சந்திரப்பிரபரும் புட்பதந்தரும், விந்துவில் கருநிறத்தவரான முனிசுவிரதரும் நேமிநாதரும், கலையில் செந்நிறத்தவரான பதுமப்பிரபரும் வாசுபூச்சியரும், ஈகாரத்தில் பசுநிறத்தவர் இருவரும் அமைய, எஞ்சிய பொன்னிறத்தவர் பதினாறு பேரும் ஹகார ரகாரங்களில் இடம்பெறுவர். கடன்பெற்ற எழுத்தொன்றை இத்துணை அமைதியாகத் தமதாக்கிக்கொண்ட திறம் போற்றத்தக்கது.

எழுதி முடித்த தகடு உயிர் பெறுவது ஐந்து உபசாரங்களால்: ஆவாகனம், ஸ்தாபனம், சந்நிதீகரணம், பூசை, விசர்சனம். அழைத்தல், இருத்துதல், அணுக்கமாக்குதல், வழிபடுதல், விடைகொடுத்தல் என்று இவற்றைத் தமிழில் கூறலாம். அதன்பின் உருவேற்றுதல். பத்மாவதி மந்திரம் சித்தியாவதற்குத் தாமரை மலராலோ செவ்வலரியாலோ மூன்று இலட்சம் உரு விதிக்கப்பட்டுள்ளது. இனிப்புச் சேர்த்துக் கடலையளவு உருட்டிய குக்கில் உருண்டைகளால் முப்பதாயிரம் ஆகுதி அதற்குத் துணை. ஒருவன் மாதக்கணக்கில் புலனடக்கி இருந்தாலன்றி இவ்வெண்ணிக்கை நிறைவேறாது. கடைத்தெருவில் விலைக்கு வாங்கி ஒரே நாளில் 'சக்தியேற்றி'க் கொடுக்கப்படும் தகடுகளுக்கும் இந்நூல்களுக்கும் உள்ள தொலைவை இதனாலேயே அளந்துவிடலாம்.

இங்கே சைன வணக்கத்தின் ஒரு நுட்பத்தையும் கருதுதல் வேண்டும். தீர்த்தங்கரர் வீதராகர். அவரை வேண்டி எதுவும் பெறுவதற்கில்லை. அவர் விருப்பும் வெறுப்பும் கடந்தவர். பஞ்ச கல்யாணத்தால் பிரதிஷ்டை பெறும் ஜினபிம்பம் காண்பார் உள்ளத்தில் அமைதியை எழுப்புவதற்கு உரியது. கேட்டதைத் தருவது அதன் பணியன்று. ஆகவே இடர்க்காலத்து வேண்டுதல்கள் சாசன தேவதையரை நோக்கிச் சென்றன. சந்திரப்பிரபருக்கு ஜ்வாலாமாலினி, பார்சுவநாதருக்குப் பத்மாவதி, நேமிநாதருக்குத் தருமதேவி. இவர்களும் பிறவிச் சுழலுக்கு உட்பட்டவர்களே. வீடுபேறு இவர்கள் தருவதன்று. எட்டுக் கரங்களில் சூலமும் பாசமும் மீனும் வில்லும் அம்பும் கனியும் சக்கரமும் வரதமும் கொண்டு, எருமை ஊர்தியின்மேல் தீச்சுடர் சூழ வீற்றிருக்கும் ஜ்வாலாமாலினியை வணங்குவோர், அவளுக்கு மேல் அமர்ந்த சந்திரப்பிரபரை முதலில் வணங்குவது இக்காரணம் பற்றியே.

இந்நூல்கள் அனைத்தும் கமலஸ்ரீயின் துயர் தீர்ப்பதோடு நின்றுவிட்டனவா என்றால், இல்லை. தமிழ் மாந்திரிக ஏடுகள் எட்டுக் கருமங்களாக எண்ணுவதை வடநூல்கள் ஆறாக எண்ணும். அவற்றுள் சாந்தி ஒன்று. வசியம், ஆகர்ஷணம், ஸ்தம்பனம் முதலானவையும் உண்டு. கல்பங்கள் இவற்றுக்கும் திசை, பொழுது, இருக்கை, முத்திரை, இறுதிச் சொல் ஆகியவற்றை வகுத்துள்ளன. சுடுகாட்டுத் துணியும் சுடுகாட்டுக் கரியும் அப்பகுதிகளில் எழுதுபொருள்களாகின்றன. கொல்லாமையை உயிரினும் ஓம்பும் சமயத்தின் நூலில் இவை வருவது கற்போர்க்கு நெருடும். அரசவையும் வணிகரும் எல்லாச் சமயத்து மந்திரவாதிகளையும் நாடிய காலம் அது. பிற சமயத்தார் தருவதைத் தம்மவரும் தந்தாலன்றிச் சாவகர் வேறிடம் செல்வர் என்னும் அச்சம் ஆசிரியர்களுக்கு இருந்திருக்கலாம். காரணம் புரிகிறது என்பதால் அப்பகுதிகள் ஏற்கத்தக்கன ஆகிவிடா. 'எனக்கென எதுவும் வேண்டேன்' என்று நீலகிரியில் கூறப்பட்ட சொல்லுக்கும், பிறர் நெஞ்சை வலிந்து இழுக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது.

அப்பள்ளத்தின் ஆழத்தைத் தமிழ்ச் சமணப் புலவர் நன்கறிவர். சீவகசிந்தாமணியில் சுதஞ்சணன் சீவகனுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கிறான். இனிய குரல் தருவது ஒன்று, நஞ்சு நீக்குவது ஒன்று, வேண்டிய உருவம் எடுப்பது ஒன்று. இறக்கும் தறுவாயில் தன் செவியில் பஞ்ச நமஸ்காரம் ஓதிய நன்றிக்காக, நாயாயிருந்து தேவனானவன் தந்த கொடை அது. இதற்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறது யசோதர காவியம். தீக்கனாக் கண்டதன் தீங்கு நீங்க உயிர்ப்பலி இடுமாறு தாய் சந்திரமதி வற்புறுத்த, யசோதரன் மறுக்கிறான். பின்னர் மாவினால் செய்த கோழியையாவது பலியிடு என்று அவள் சொல்ல, அதற்கு இசைகிறான். மாக்கோழியில் உயிர் ஏது? கொல்லும் எண்ணம் மட்டும் முழுமையாக இருந்தது. அதன் பயனாக மகன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, பிறவிதோறும் துயருறுகின்றனர். சடங்குப் பொருள் ஒன்றை உருவாக்குகையில் கையிலுள்ள மாவைவிட நெஞ்சிலுள்ள எண்ணமே வினையாகிறது என்பதை இதனினும் கடுமையாக எடுத்துரைத்த நூல் அரிது.

மல்லிசேனரும் ஒரு தடை வைத்திருக்கிறார். மந்திரத்தை மாணவனுக்கு வழங்கும்போது, தீ, ஞாயிறு, திங்கள், விண்மீன்கள், வானம், மலைகள் இவற்றைச் சான்றாக வைத்து ஆசிரியர் அவன் கையில் நீர் வார்க்கிறார். குரு மரபில் வந்த இதனை நற்காட்சி இல்லாதவனுக்கு நீ அளித்தால் கொடுங்கொலைக்கு ஒப்பான பாவம் உன்னைச் சேரும் என்று கூறியே ஒப்படைக்கிறார். தகட்டுக்கும் மைக்கும் இடப்படாத காவல் இங்கே கைம்மாற்றத்துக்கு இடப்பட்டிருக்கிறது.

இந்திரநந்தியின் நூலைப் பிற்காலத்தில் எத்தனை பேர் கற்றனரோ, பொன்னூர் மக்கள் தம் ஏலாசாரியரை மறக்கவில்லை. சக ஆண்டு 1655, அதாவது கி.பி. 1733-இல் பொறிக்கப்பட்ட பொன்னூர்க் கல்வெட்டு அவ்வூர்ச் சமணர்க்கு ஒரு கட்டளையைத் தருகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏலாசாரியரின் வழிபாட்டுக்காகப் பார்சுவநாதர் திருவுருவையும் ஜ்வாலாமாலினி அம்மன் திருவுருவையும் நீலகிரி மலைக்கு எழுந்தருளச் செய்தல் வேண்டும் என்பது அக்கட்டளை. தேவி இறங்கி வந்த குன்றுக்கே அவளை வாரந்தோறும் சுமந்து செல்லும் பொறுப்பை, மந்திரவாதி எவனிடமும் ஒப்புவிக்காமல், ஊரார் தாமே ஏற்றுக்கொண்டனர்.